பனை வாழ்ந்தால் ஏடு வாழும்

(கோவை கணபதியில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திங்கள்தோறும் நாம் படிப்பதை ஏடு என்கிறோம். கடிதம் என்பதை விலக்கி மடல் என்கிறோம். இச்சொற்களை நம் நாவில் நிறுத்தியது பனை. சொல்லைக் காத்த நாம் மரத்தைக் காத்தோமா? இதுவே என் வினா.

கொங்கை ஆண்ட சேரர் சூடிய பூ பனம்பூ. தொல்காப்பியர் அதனைப் போந்தை என்பார். சிறுமைக்குத் தினையையும் பெருமைக்குப் பனையையும் அளவாக வைத்தார் வள்ளுவர். 1887இல் தாமோதரனார் கலித்தொகையையும், 1894இல் உ.வே.சாமிநாதர் புறநானூற்றையும் அச்சேற்றியது ஓலைச்சுவடிகளைக் கொண்டே. ஓலை கிழியுமென்று மெய்யெழுத்திற்குப் புள்ளியிடாமல் எழுதினர் முன்னோர். அவற்றைப் படித்தறிய அப்பெருமக்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

பனை கேட்பது குறைவு, தருவது மிகுதி. நுங்கும் கிழங்கும் உணவு. பாளையைச் சீவிச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர். நம் கொங்கு வழக்கில் தெளுவு. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஓலை கூரையாகும், நார் கயிறாகும், முதிர்ந்த மரம் உத்தரமாகும்.

என் இளமையில் இப்பக்கத்து வரப்புகளில் பனை வரிசை வரிசையாய் நின்றது. பின்னர் வரப்புகள் மனைகளாயின. மரங்கள் செங்கற்சூளைக்கு விறகாயின. அண்மையில் வகுப்பில் மடலேறுதலை நடத்தினேன். பனைமட்டையின் கருக்கு எதுவென வினவினேன். ஒரு மாணவரும் விடை கூறவில்லை. கருக்கின் கூர்மை அறியாதவர்க்கு மடலேறும் தலைவனின் துன்பம் எவ்வாறு விளங்கும்? மரம் சாய்ந்தால் சொல் சாயும். சொல் சாய்ந்தால் பாட்டும் பொருளிழக்கும்.

1978இல் தமிழ்நாட்டரசு பனையை மாநில மரமாக்கியது. மாவட்ட ஆட்சியர் இசைவின்றி வெட்டலாகாது என 2021இல் அறிவித்தது. நன்று. ஆயினும் ஆணை வெட்டுவதைத் தடுக்கும். நடுவது நம் கடன்.

அது எளிது. ஆவணி, புரட்டாசியில் உதிரும் பழத்தின் கொட்டையைத் திரட்டுங்கள். பத்தடிக்கு ஒன்றாக, நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். முதல் முளை மேலே வாராது. மண்ணுள் ஆழ்ந்து இறங்கும். ஆதலின் பெயர்த்து நடுதல் கடினம். ஏரிக்கரையும் வரப்பும் ஏற்ற இடங்கள். வேரூன்றியபின் வறட்சியைத் தாங்கி நிற்கும். பயன்தரப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகலாம். பின்னர் தலைமுறைகளுக்கு ஈயும். பூக்கும்வரை ஆண்பனையோ பெண்பனையோ என்றும் அறிய இயலாது.

நான் ஐம்பதைக் கடந்தவன். இன்று ஊன்றுவதன் நுங்கை நான் சுவைப்பேனோ, அறியேன். என் மாணவரின் மக்கள் சுவைப்பர். கருக்கு எதுவென்றும் அறிவர். அது போதும்.

இம்மழைக்கு வீட்டிற்குப் பத்துக் கொட்டை ஊன்றுவோம். வாழ்க பனை! வெல்க தமிழ்!