இறால் தடாகங்களில் வெண்புள்ளி நோய்த் தடுப்பு



நெல்லும் மரக்கறியும் செய்யும் உங்களிடம் இறாலைப் பற்றிப் பேச வந்ததேன் என்று சிலர் எண்ணக்கூடும். சிலாபம், முந்தல், புத்தளம் பகுதிகளிற் களப்போரத்துக் காணியுடையோர் பலர் இறால் வளர்ப்பில் இறங்கியுள்ளனர். இறங்க எண்ணுவோர் உங்களுள்ளும் உளர். தடாகம் வெட்டி உவர்நீர் நிரப்பிய நிலத்தில் உப்பு ஊறிவிடும். இறால் பொய்த்தபின் அங்கே மீண்டும் நெல் விதைப்பது எளிதன்று. ஆதலின், நோயைப் பற்றி அறிந்த பின்னரே மண்வெட்டியை எடுத்தல் வேண்டும்.

1996 ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் நமது வடமேற்குக் கரையிற் பரவிப் பெருநட்டத்தை விளைவித்தது. இதனை உண்டாக்குவது ஒரு வைரசு. இறால்கள் முதலில் தீனியைக் குறைக்கும். பின்னர்ச் சோர்ந்து கரையோரம் ஒதுங்கும். தலையோட்டில் வெண்புள்ளிகள் தோன்றும்; சிலவற்றின் உடல் செந்நிறமடையும். அறிகுறி கண்டு 3 முதல் 10 நாட்களுக்குள் தடாகம் முழுவதும் அழிந்துவிடலாம். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் இறாலுக்கு இதனைத் தீர்க்கும் மருந்து கிடையாது. கடைக்காரர் ஒரு போத்தலைக் காட்டி, இது மாற்றும் என்பாராயின், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் இறாலிலிருந்து குஞ்சுக்கு நோய் இறங்கும். ஆகவே, பி.சி.ஆர். பரிசோதனையில் நோயில்லையெனக் கண்ட குஞ்சுகளையே பொரிப்பகத்தில் வாங்குக. அவ்வாறு வாங்கியவை பின்னர் நோயேற்கமாட்டா என்று எண்ணிவிடலாகாது. நண்டும் களப்பு இறாலும் இவ்வைரசைச் சுமப்பன. தடாகத்தைச் சுற்றித் தாழ்ந்த வலைவேலி இடுக. உள்வரும் நீரை அங்குலத்துக்கு 60 கண்ணுள்ள வலைப்பையால் வடிக்குக. அறுவடைக்குப் பின் அடியிலுள்ள கருஞ்சேற்றை அகற்றி, நிலம் வெடிக்கும்வரை காயவிட்டுச் சுண்ணாம்பு இடுதல் நன்று.

இவையெல்லாம் ஒருவர் தம் வரம்புக்குள் செய்யக்கூடியவை. நீரோ வரம்பறியாது. ஒல்லாந்தர் வாய்க்காலை அண்டிய பண்ணைகளில், ஒருவர் வெளியே விடும் நீரையே மற்றவர் உள்ளே எடுக்கின்றார்.

சில ஆண்டுகளுக்கு முன், களப்போரக் கிராமமொன்றில் எனக்கு அறிமுகமான ஒருவர் ஒரு மாலை என்னை அழைத்து உணவுத் தட்டைக் காட்டினார். தீனி இட்டபடியே கிடந்தது. "விடியப் பார்ப்போம்" என்று சொல்லித் திரும்பினேன். அது என் பிழை. கடன்பட்டிருந்த அவர் அஞ்சி, அன்றிரவே மதகைத் திறந்து நீரை வடித்து, அகப்பட்ட இறாலை அள்ளி விற்றுவிட்டார். இரண்டு கிழமைக்குள் அயற்றடாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. அவற்றுளொன்று அவருடைய தம்பியினுடையது. இன்றும் அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை.

நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுவே: மதகை அடையுங்கள், நீரை மாற்றாதீர்கள், அயலாருக்கு உடனே சொல்லுங்கள். விற்கத்தக்க இறாலை வலையாற் பிடிக்கலாம், நீரை வடித்தன்று. பின்னர்க் குளோரீன் தூளிட்டுக் குறைந்தது ஒரு கிழமை நீரைத் தேக்கி வைத்தல் வேண்டும். செத்தவற்றைக் களப்பில் எறியாது, சுண்ணாம்பிட்டுப் புதைக்குக. ஒரு தடாகத்தில் இறங்கிய வலையும் வாளியும் கழுவிக் காயாமல் மறு தடாகத்துக்குச் செல்லலாகாது.

பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியை ஒருமித்துத் தீர்மானிப்பது உங்களுக்குப் பழக்கமானது. ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விதைத்தால் கபிலநிறத் தத்தி வயலுக்கு வயல் தாவும் என்பதை அறிவீர்கள். இறாலுக்கும் வலயங்கள் வகுத்து, குஞ்சு விடுங் காலத்தை நாட்காட்டியாக அறிவிக்கின்றனர். சந்தை விலையைக் கண்டு அதனை மீறி இடையிற் குஞ்சு விடுபவர், தம் தடாகத்தோடு வாய்க்காலையும் ஈடு வைக்கின்றார்.

பரிசோதனைக்கு மாதிரி அனுப்புவோர் செத்து நாறியதை அனுப்பவேண்டாம். சோர்ந்து கரையொதுங்கி, உயிரோடிருக்கும் இறால்களை எடுத்துச் செறிந்த அற்ககோலில் இட்டு, போத்தலின்மேல் தடாகத்தின் அடையாளத்தையும் திகதியையும் எழுதி, அன்றே அனுப்புங்கள்.