காலம் மாறினால் வழக்கும் மாறும்

(போளூரில் நடந்த மகளிர் குழுக்களின் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு நாம் பேசப் போவது கோர்ட்டு வழக்கைப் பற்றி. "நமக்கும் கோர்ட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். பூண்டு விலைக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டுதானே? அப்படியென்றால் கோர்ட்டுக்கும் உண்டு. ஊரில் பணம் எப்படிப் புரளுகிறதோ, அதற்குத் தக்கபடி வக்கீல்களிடம் போகிற வழக்கும் மாறும். 2008ல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் நொடித்தபோது, வீடு வாங்க விற்கப் பத்திரம் பார்க்கிற வக்கீல்களுக்கு வேலை குறைந்தது. திவால் வழக்கு பார்க்கிறவர்களுக்கு வேலை கூடியது.

நம்ம மேல்மலைக்கு வருவோம். வடுகபட்டி சந்தையில் பூண்டு விலை விழுந்தால், 2018 நவம்பரில் வந்த கஜா புயல் போல ஒன்று பயிரை அழித்தால், பின்னாலேயே வருவது கடன் வழக்கு. புரோநோட்டு, செக்கு, வட்டித் தகராறு. கஷ்டம் வீட்டுக்குள்ளும் சண்டையாக நுழையும். 2020 ஊரடங்கில் பெண்கள் மீதான வீட்டு வன்முறைப் புகார்கள் கூடியதைத் தேசிய மகளிர் ஆணையமே சொன்னது.

நல்ல காலத்தில் வழக்கு இருக்காதா? அப்போது வேறு வழக்கு வரும். சுற்றுலா வளர்ந்து, வெளியூர்க்காரர்கள் நிலம் கேட்டு வந்தால், சும்மா கிடந்த மேட்டுக்கும் விலை ஏறும். பாகப்பிரிவினை, பட்டா, எல்லை, குத்தகை என்று தகராறு கிளம்பும்.

ஆனால் இரண்டு காலத்திலும் ஒன்று மட்டும் மாறாது. ஒரு காகிதம் வீடு தேடி வரும். "இங்கே ஒரு கையெழுத்து போடும்மா" என்பார்கள். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

கடனுக்காக எழுதாத செக்கில் கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறோம். "தொகை எழுதலையே, செல்லாது" என்று நினைக்கக் கூடாது. கடனுக்காக நாமே விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், மற்றவர் தொகையை நிரப்பியிருந்தாலும் அது செல்லும் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும். செக்கு திரும்பினால் 2 ஆண்டு வரை சிறை உண்டு. வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் மிரட்டி வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை. அதைத் தடுக்க 2025ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

நிலத்துக்கு விலை ஏறும்போது வருவது விடுதலைப் பத்திரம். "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே, கையெழுத்து போடு" என்பார்கள். போட்டுப் பதிவு செய்துவிட்டால் நம் பங்கு போச்சு. சீர் வேறு, பங்கு வேறு. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று 2005ல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை மாறாது. அண்ணன் தம்பிக்கு விட்டுக் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் எதை விட்டுக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்ற கவலை வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் உண்டு. கொடைக்கானல் கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

சகோதரிகளே, சேமிப்புக் கணக்கைக் குழுவில் எல்லோர் முன்னாலும் வாசிக்கிறோம் அல்லவா? அதுபோல எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துக்கு முன் குழுவில் ஒருமுறை வாசிப்போம். புரியவில்லை என்றால் ஒரு வாரம் தவணை கேட்போம். வரும் குழுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள்.