ஜப்பானிய மொழியின் இரண்டாம் படி



வேற்று மொழி ஒன்றைக் கற்கத் தொடங்குவது எளிது. தொடங்கியதை நடுவழியில் கைவிடாது தொடர்வதே அரிது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மூன்று ஆண்டுகள் நான் ஜப்பானிய மொழி பயின்றேன். முதலாண்டில் வகுப்பு நிறைந்திருந்தது. மூன்றாம் ஆண்டிலோ பல இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. பலர் விலகியதன் காரணம் யாது? நிலைத்து நின்றவர்கள் பெற்ற பயன் யாது? இவ்விரண்டையுமே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதற்படி இனிமையானது. ஹிராகானா, கடகானா என்னும் இருவகை எழுத்துகளை முதலில் கற்கின்றோம். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. சில வாரங்களிலேயே இவற்றைப் படித்துவிடலாம். நான், நீ, அவன் என்னும் இட வேறுபாட்டுக்கு ஏற்ப வினைமுற்று மாறுவதில்லை. தமிழைப் போலவே வாக்கியத்தின் இறுதியில் வினை வந்து நிற்கின்றது. விலை கேட்கவும் வழி கேட்கவும் கற்றுக்கொண்டதும், 'இம்மொழி இவ்வளவுதானா!' என்று மனம் துள்ளுகின்றது.

இரண்டாம் படியில் காலெடுத்து வைத்ததும் சீன எழுத்துகள் எதிரே நிற்கின்றன. கன்ஜி என்று அவற்றைக் கூறுவர். ஜப்பானிய அரசு 2010ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட பொதுவழக்குப் பட்டியலில் 2136 கன்ஜி எழுத்துகள் உள்ளன. எண்ணிக்கை மட்டும் தடையன்று. ஓரெழுத்துக்கே பல ஒலிகள் உண்டு. மலையைக் குறிக்கும் எழுத்துத் தனித்து நின்றால் 'யாமா' என்று ஒலிக்கும். ஃபூஜி மலையின் பெயரோடு சேர்ந்தால் 'சான்' என்று ஒலிக்கும். முன்னது அந்நாட்டின் சொந்தச் சொல். பின்னது சீனத்திலிருந்து வந்த ஒலி. நாம் தனியே 'மலை' என்றும், பெயரோடு சேர்த்து 'நீலகிரி' என்றும் சொல்லவில்லையா? அவ்விரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுவதாக எண்ணிப் பாருங்கள். கன்ஜியின் இயல்பு விளங்கிவிடும்.

ஆயினும், எழுத்தைவிடப் பெரிய மாறுதல் ஒன்று இப்படியிலே காத்திருக்கின்றது. 'எதிரே நிற்பவர் யார்? நான் அவருக்கு யார்?' என்று எண்ணாமல் வாய் திறக்க இயலாத நிலை வந்துவிடுகின்றது. கொடுத்தல் என்னும் ஒரு வினையையே பாருங்கள். நான் பிறருக்குக் கொடுத்தால் அது 'அகெரு'. பிறர் எனக்குக் கொடுத்தால் அது 'குரெரு'. உயர்ந்தோர் கொடுத்தால் அதற்கும் வேறு சொல் உண்டு. தன் தாயைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது 'ஹஹ' என்பர். பிறருடைய தாயையோ 'ஒகாசான்' என்று உயர்த்திக் கூறுவர். தம் அலுவலகத் தலைவரைப் பற்றி வெளியாரிடம் பேசுகின்ற ஊழியர், மரியாதை குறிக்கும் 'சான்' என்னும் ஒட்டைத் தலைவரின் பெயரோடு சேர்ப்பதில்லை. தம்மவரைத் தாழ்த்திப் பிறரை உயர்த்துவது அவர்கள் மரபு. இதை அறியாதவர் பேச்சு, இலக்கணப் பிழை சிறிதும் இல்லாதிருந்தும் கேட்பவர் மனத்தைப் புண்படுத்தக் கூடும்.

தமிழ் மாணவர்கள் இதைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. என் தாய், உன் தாய், அவன் தாய் என்பவற்றை முறையே யாய், ஞாய், தாய் என்று வேறு பிரித்தவர்கள் சங்க காலத்து மக்கள். தருதல் என்னும் சொல் தன்மை, முன்னிலை இடங்களுக்கும், கொடுத்தல் என்னும் சொல் படர்க்கைக்கும் உரியன என்று தொல்காப்பியர் வகுத்தார். இரப்பவன் இழிந்தவனாயின் ஈ என்றும், ஒத்தவனாயின் தா என்றும், உயர்ந்தவனாயின் கொடு என்றும் கேட்பான் என்பதும் அவர் கூற்றே. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) இரு மொழிகளும் உறவுடையன என்று வாதிட்டார். மொழிநூலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு இருப்பினும் இல்லாவிடினும், நம் பழைய இலக்கணம் அம்மொழியைக் கற்பதற்கு நல்ல துணையாகும் என்பதில் ஐயமில்லை.

மொழியும் பண்பாடும் இரு வேறு பாடங்கள் அல்ல என்பதை இந்த இரண்டாம் படியே எனக்கு உணர்த்தியது. உண்ணத் தொடங்கும்முன் ஜப்பானியர் 'இதடகிமஸ்' என்று சொல்லுகின்றனர். முதலாண்டில் அதை வெறும் வழக்கச் சொல்லாக மனப்பாடம் செய்தோம். பணிவோடு பெறுதலைக் குறிக்கும் வினையைப் பின்னர்க் கற்றபோதுதான் அதன் பொருள் திறந்தது. தலைமேல் ஏந்துதல் என்பதே அவ்வினையின் பழம்பொருள். நாம் 'சிரமேற்கொண்டேன்' என்கின்றோமே, அதே பணிவு ஒவ்வொரு வேளை உணவின் முன்னும் அவர்கள் நாவில் எழுகின்றது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக 2007ஆம் ஆண்டு மே மாதம் முதன்முறையாக நடத்தப்பெற்ற கல்லூரித் தரத் தேர்வுக்கு 'ஜப்பானிய மொழியும் பண்பாடும்' என்றே பெயர் சூட்டினார்கள். பொருத்தமான பெயர்!

நடுவழியின் கடுமையை அந்நாட்டாரும் அறிவர். அயல்நாட்டார்க்கான ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984ஆம் ஆண்டில் தொடங்கியபோது அதில் நான்கு நிலைகளே இருந்தன. மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குத் தாவுவது மிகக் கடினமாக இருந்தது. எனவே 2010ஆம் ஆண்டில் இரண்டுக்கும் இடையே புதிய நிலை ஒன்றைச் சேர்த்து, நிலைகளை ஐந்தாக்கினர்.

நண்பர்களே, நடுவழியில் கால் தளரும்போது, 'எனக்கு இம்மொழி வராது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எளியவை முடிந்துவிட்டன என்பதே அத்தளர்ச்சியின் பொருள். நாளுக்கு இரண்டு கன்ஜி எழுதுங்கள். ஓராண்டில் எழுநூறு உங்களுடையவை ஆகும். ஒரு சொல்லைக் கற்கும்போது அதை யார் யாரிடம் சொல்லலாம் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். முதற்படி நமக்குச் சொற்களைத் தருகின்றது. இரண்டாம் படி அச்சொற்களுக்கு உரிய மனிதர்களைத் தருகின்றது. அவர்களைச் சென்று அடையுமுன் திரும்பிவிடாதீர்கள்.