என்கவுன்ட்டருக்கு நாம் ஏன் கைதட்டுகிறோம்?

(தாம்பரத்தில் நடைபெற்ற வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் பார்த்த சண்டைப் படங்கள், குற்றப் படங்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் திரைப்பட விமர்சகன் அல்ல. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் பகுதிகளில் மறுகுடியமர்த்தப்பட்ட மக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். ஆய்வுக்குப் போகாத நாளில் படம் பார்க்கிறேன். அந்த இரண்டு வேலைக்கும் நடுவில் எனக்கு வந்த ஒரு சந்தேகத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 2003இல் ‘சாமி’ வந்தபோது எனக்குப் பத்து வயது. தாம்பரம் வித்யா தியேட்டரில் அப்பாவின் மடியில் ஏறி நின்று விசில் அடித்தவன் நான். 2010இல் ‘சிங்கம்’ வந்தபோது பள்ளி நண்பர்களோடு இரண்டு முறை பார்த்தேன். என் சித்தி இன்றைக்கும் தொலைக்காட்சியில் ‘சிங்கம்’ போட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். ஆகவே, ‘அறியாத மக்கள் ரசிக்கிறார்கள், அறிந்த நான் விமர்சிக்கிறேன்’ என்ற இடத்தில் நின்று நான் பேசவில்லை. கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

சந்தேகம் இதுதான்: கைதட்டும்போது நாம் எதை நம்பிக் கைதட்டுகிறோம்?

ஒரு போலீஸ் படத்தின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். முதலில் குற்றம் நடக்கிறது. அதை நாம் பார்க்கிறோம். வில்லன் யார், எத்தனை பேரைக் கொன்றான், கொல்லும்போது எப்படிச் சிரித்தான் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். பிறகு நீதிமன்றக் காட்சி. சாட்சி பிறழ்கிறது, வழக்கறிஞர் குறுக்கே பேசுகிறார், வில்லன் வெளியே வருகிறான். நமக்கு ரத்தம் கொதிக்கிறது. கடைசியில் நாயகன் துப்பாக்கியை எடுக்கிறார். நாம் எழுந்து நின்று கைதட்டுகிறோம்.

இதில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. குற்றத்துக்கு நாமே நேரடி சாட்சி. இயக்குநர் நம்மை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டார். அதனால்தான் விசாரணை நமக்குத் தேவையற்றதாகத் தெரிகிறது. ஆனால் படத்துக்கு வெளியே அப்படி ஒரு கேமரா எங்கேயும் இல்லை. சுட்டவர் சொல்கிறார், நாம் நம்புகிறோம். திரையில் கண்ணால் பார்த்ததற்கான நம்பிக்கையை, தெருவில் பார்க்காததற்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

நம் பகுதியிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2012 ஜனவரியில் பெருங்குடியில் ஒரு வங்கி கொள்ளையடிக்கப்பட்டது. பிப்ரவரி 20 அன்று கீழ்க்கட்டளையில் இன்னொரு வங்கி. பிப்ரவரி 22 அன்று சந்தேகத்துக்குரிய ஒருவரின் வீடியோ காட்சியைக் காவல்துறை வெளியிட்டது. அன்று நள்ளிரவு தாண்டி, 23ஆம் தேதி, வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் முதலில் சுட்டார்கள், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. ஐவரும் இறந்துவிட்டதால், அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல, சுட்டவர்களைத் தவிர வேறு யாரும் மிஞ்சவில்லை.

நான் அப்போது கல்லூரி மாணவன். மறுநாள் எங்கள் வகுப்பில் இருந்த மனநிலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ‘சூப்பர்டா’ என்பதுதான் அது. ஐந்து பேரும் குற்றவாளிகளா, ஐந்து பேருமேவா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெரும்பாலும் பீகாரைச் சேர்ந்தவர்கள் என்ற செய்தியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வாரமே எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர், கட்டட வேலை செய்த நான்கு வடமாநில இளைஞர்களைக் காலி செய்யச் சொன்னார். அவர்கள் அட்டைப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனதை மாடியில் இருந்து பார்த்தேன். பிறகு, வாடகைக்கு இருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவும் வந்தது.

வேளச்சேரிக்குப் பிறகு வந்தவற்றையும் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 1 அதிகாலை, தாம்பரம் காவல் ஆணையரக எல்லைக்குள், கூடுவாஞ்சேரி அருகே இரண்டு பேர். 2024 செப்டம்பர் 23 அதிகாலை, நீலாங்கரையை அடுத்த அக்கரையில் ஒருவர். ஒன்றில் வாகனச் சோதனை, மற்றொன்றில் ஆயுதத்தை மீட்க அழைத்துப் போனது. முதலில் அவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற வரி மட்டும் எதிலும் மாறவில்லை. திரைத்துறையில்கூட இவ்வளவு ஆண்டுகள் ஒரே திரைக்கதையை வைத்து ஓட்ட முடியாது.

இறந்தவர்கள் மீது கொலை வழக்குகள் இருந்தன என்பீர்கள். இருந்தன. அவர்களுக்காக நான் கண்ணீர் விடச் சொல்லவில்லை. வழக்கு இருப்பவரைத் தண்டிக்கத்தான் நீதிமன்றம் இருக்கிறது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மோதல் மரணங்களுக்கென 16 வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை, சம்பந்தப்பட்ட காவல் நிலையம் அல்லாத வேறு அமைப்பின் விசாரணை, நீதித்துறை நடுவர் விசாரணை எல்லாம் அதில் உண்டு. இதில் ஒன்றையாவது எந்தப் படத்திலாவது பார்த்திருக்கிறோமா? சுட்டபிறகு நாயகன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நடந்து வருவதோடு படம் முடிந்துவிடுகிறது.

இப்போது ‘வேட்டையன்’. அக்கரையில் அந்தத் துப்பாக்கிச் சூடு நடந்த பதினேழாம் நாள், 2024 அக்டோபர் 10 அன்று இந்தப் படம் வெளியானது. இயக்குநர் த.செ. ஞானவேல் ‘ஜெய் பீம்’ எடுத்தவர். 1993இல் நடந்த ராஜாக்கண்ணு காவல் கொலையை நாடு முழுவதும் பேச வைத்தவர். அவர் சூப்பர் ஸ்டாரை வைத்து என்கவுன்ட்டர் பற்றிப் படம் எடுக்கிறார் என்றதும் முதல் வாரமே குரோம்பேட்டைக்குப் போய்ப் பார்த்தேன். படத்தின் நோக்கம் நேர்மையானது. நாயகன் அவசரப்பட்டு ஓர் ஏழை இளைஞனைச் சுட்டுவிடுகிறான். அவன் நிரபராதி என்று பிறகு தெரிகிறது. ஏன் எப்போதும் ஏழைகளே சுடப்படுகிறார்கள் என்ற கேள்வியை நீதிபதியாக வரும் அமிதாப் பச்சன் பாத்திரம் எழுப்புகிறது. இவ்வளவு பெரிய வணிகப் படத்தில் இந்தக் கேள்வி வந்ததற்காக மகிழ்கிறேன்.

ஆனால் நான் இருந்த அரங்கில் எந்த இடத்தில் அதிகமாகக் கைதட்டினார்கள் தெரியுமா? தொடக்கத்தில் நாயகன் சுடும்போது. நீதிபதி பேசும்போது பக்கத்து இருக்கைக்காரர் செல்பேசியை எடுத்துவிட்டார். வெளியே டீக்கடையில் ஒருவர் சொன்னது: “ஆளைச் சரியா பாத்துச் சுட்டிருந்தா பிரச்சினையே இல்ல.” அவரைக் குறை சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் துப்பாக்கிக்கு இசை போட்டுக் கொண்டாடிவிட்டு, பிற்பகுதியில் துப்பாக்கி தவறு என்று சொன்னால், பார்ப்பவர் தனக்குப் பிடித்த பாதியைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

இதற்கு நேர்மாறாக வேலை செய்யும் படம் வெற்றிமாறனின் ‘விசாரணை’. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலைத் தழுவியது. போன மாதம் மீண்டும் பார்த்தேன். அதில் நாம் காவலரோடு ஜீப்பில் போவதில்லை. அடி வாங்குபவர்களோடு லாக்கப்பில் இருக்கிறோம். கடைசியில் அவர்களின் சாவுக்குக் காவல்துறை என்ன கதை சொல்லப் போகிறது என்பதும், அது பொய் என்பதும் நமக்குத் தெரியும். மற்ற படங்கள் குற்றத்துக்கு நம்மைச் சாட்சி ஆக்குகின்றன. இந்தப் படம் காவல்துறையின் கதை தயாராகும் இடத்துக்குச் சாட்சி ஆக்குகிறது. பிராங்க்ளின் ஜேக்கப்பின் ‘ரைட்டர்’ படமும் அந்த வழியில் வந்தது. அதில் சட்டவிரோதக் காவலில் சிக்குவது காவல்துறையைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு முனைவர் பட்ட மாணவன். அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து ‘மகாராஜா’. 2024 ஜூன் 14 அன்று வந்தது. நாயகன் வாழ்வது நம் பள்ளிக்கரணையில். முடிதிருத்தும் தொழிலாளி. காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போகிறார். அடிக்கிறார்கள், கிண்டல் செய்கிறார்கள், பணம் கேட்கிறார்கள். அந்தக் காட்சிகள் அவ்வளவு உண்மை. அவருடைய சாதியைப் படம் சொல்லவில்லை. நம் ஊரில் அந்தத் தொழிலைச் சொன்னால் சாதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு நீதி எப்படிக் கிடைக்கிறது? அதே காவலர்கள் மனம் மாறி, குற்றவாளியை அவர் கையில் ஒப்படைக்கிறார்கள். புகாரை வாங்காத நிலையம் கடைசிவரை புகாரை வாங்கவே இல்லை. பழிவாங்க ஆளைப் பிடித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். நன்றாக எடுக்கப்பட்ட படம். நானும் கலங்கித்தான் வெளியே வந்தேன். ஆனால் வெளியே வந்தால் இருப்பது நிஜப் பள்ளிக்கரணை.

அந்தப் படம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, 2024 பிப்ரவரி 24 இரவு, அதே பள்ளிக்கரணையில் 26 வயது இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். சாதி மறுப்புத் திருமணம் செய்து சில மாதங்களே ஆகியிருந்தன. கைதானவர்களில் பெண்ணின் அண்ணனும் இருந்தார். இரண்டு மாதத்துக்குள் அந்தப் பெண்ணும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆணவக் கொலை தென்மாவட்டத்துப் பிரச்சினை என்று சென்னையில் இருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், வேளச்சேரி – தாம்பரம் சாலையில் நடந்தது இது.

நம் புறநகரில் நடக்கும் குற்றம் இதுவும்தான் தோழர்களே. இந்தக் குற்றத்தைத் துரத்தும் போலீஸ் நாயகனை நமது மாஸ் படங்களில் பார்த்திருக்கிறோமா? சாதி வெறியில் தங்கையின் கணவனைக் கொன்றவன்மீது துப்பாக்கியை நீட்டி, பின்னணி இசை அதிர, நாயகன் வசனம் பேசியிருக்கிறாரா? பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் குற்றவாளிக்கும் விசாரணைதான் வேண்டும். நான் காட்டுவது, நம் பொதுப்புத்தியில் ‘குற்றவாளி’ என்ற சொல்லுக்கு எந்த முகம் பொருந்துகிறது, எந்த முகம் பொருந்தவில்லை என்பதை.

இந்த முகம் புதிதாக வரையப்பட்டதல்ல. 1871இல் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரையினர் சட்டம் கொண்டுவந்தது. பிறந்த சாதியே குற்றத்துக்குச் சான்று என்றது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் போய்விட்டது. சாதியின் இடத்தில் இப்போது முகவரி வந்திருக்கிறது.

என் சித்தி குடும்பம் 2017இல் கூவம் கரையில் இருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டது. சித்தி மகன் பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். ஓர் இரவு வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். உரிமம், காப்பீடு எல்லாம் சரியாக இருந்தது. “வீடு எங்கடா?” “பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு சார்.” அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் தரையில் உட்கார வைத்து, போட்டோ எடுத்து, கைரேகை வைக்கச் சொல்லி அனுப்பினார்கள். அவன் கையில் இருந்த சாப்பாடு ஆறிப்போய், அதற்கான பணமும் அவன் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. இப்போதெல்லாம் அவன் வரும்வரை சித்தி தூங்குவதில்லை. ஒருநாள் இரவு போனபோது தொலைக்காட்சியில் ‘சிங்கம்’ ஓடிக்கொண்டிருந்தது. சித்தி அதைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, நமக்கே கசப்பான ஒன்று. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் அண்ணன் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டார். நம்மில் பலர் அன்று உடைந்துபோனோம். சில நாளில் புதிதாகப் பொறுப்பேற்ற மாநகரக் காவல் ஆணையர், ரவுடிகளுக்குப் புரியும் மொழியில் பாடம் புகட்டப்படும் என்ற பொருளில் பேசினார். ஜூலை 14 அதிகாலை, கைதாகியிருந்தவர்களில் ஒருவர் மாதவரம் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று காலை நம் தோழர்கள் சிலரின் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் கைதட்டும் படங்களைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், என் மனதுக்குள்ளும் ஒரு நொடி ‘சரிதான்’ என்ற குரல் வந்தது. வித்யா தியேட்டரில் விசில் அடித்த அதே பையனின் குரல்.

ஆனால் யோசியுங்கள். யார் சொல்லிச் செய்தான், பணம் யார் கொடுத்தார்கள் என்று நீதிமன்றத்தில் வாய் திறந்து சொல்லக்கூடிய ஒருவர் குறைந்துவிட்டார். நமக்குக் கிடைத்தது நீதியா, நீதிக்குப் பதிலாக ஒரு காட்சியா? பிரிவு 21 உயிர்வாழும் உரிமையை நல்லவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தை ஏந்தி நிற்கும் நாம், நமக்கு வேண்டாதவர் சாகும்போது மட்டும் அதை மடித்து வைத்துவிட முடியாது. மடித்து வைத்தால், நாளை பெரும்பாக்கத்துப் பையனுக்காக அதைத் திறக்கும்போது ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இயக்குநர் ஹரி ஐந்து போலீஸ் படங்கள் எடுத்தவர். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடித்துக் கொல்லப்பட்டபோது, காவல்துறையைப் பெருமைப்படுத்தி அந்தப் படங்களை எடுத்ததற்காக வேதனைப்படுவதாக வெளிப்படையாக அறிக்கை விட்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். படம் எடுத்தவரே அதைச் சொல்ல முடியும் என்றால், கைதட்டிய நாமும் சொல்லலாம்.

சண்டைப் படம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே அடுத்த வெள்ளிக்கிழமை போவேன். அடி விழும்போது உடம்பு துள்ளத்தான் செய்யும். மறுநாள் காலை செய்தித்தாளில் ‘அதிகாலை, தற்காப்புக்காக’ என்று படிக்கும்போது மட்டும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் குற்றத்தை நான் பார்த்தேனா? யார் சொல்லி நம்புகிறேன்?

2025 அக்டோபரில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்று வந்த கார்த்திகாவை நாடே ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று அழைத்தது. எந்த முகவரியைச் சொல்ல நம் பிள்ளைகள் வேலைக்கான நேர்காணலில் தயங்குகிறார்களோ, அந்த முகவரி அன்று தங்கத்தோடு சேர்ந்து ஒலித்தது. நல்ல செய்திதான். ஆனால் பதக்கம் வாங்காத பிள்ளைகளும் இரவு பத்து மணிக்கு அந்த முகவரியைச் சொல்லி, பயமில்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். என் சித்தி நிம்மதியாக உட்கார்ந்து ‘சிங்கம்’ பார்ப்பதற்காவது அது நடக்க வேண்டும்.