தோற்ற வட்டாரத்தின் வாக்கும் கணக்கில் உண்டு



2025 மே 6ஆம் திகதி வாக்களித்தோம். நம் வட்டாரத்தில் தோற்றுவிட்டோம். மறுநாள் மஸ்டரில் "நம்ம ஓட்டு தண்ணியில போச்சு" என்பதே பேச்சு. அது சரியல்ல.

2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்த கலப்பு முறையில் நூற்றுக்கு 60 பேர் வட்டாரத்திலிருந்தும் 40 பேர் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். நாம் இடுவது ஒரே புள்ளடி; அது இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது.

ஒரு சபைக்கு 20 ஆசனம், செல்லுபடியான வாக்கு 10,000 என்று வையுங்கள். ஓர் ஆசனத்துக்கு 500. நம் சின்னத்துக்கு எல்லா வட்டாரத்திலும் சேர்த்து 3,000 விழுந்தால் நம் பங்கு 6. நான்கு வட்டாரம் வென்றிருந்தால் பட்டியலில் 2 பேர். ஒன்றும் வெல்லாவிட்டால் 6 பேருமே பட்டியலில். நம் லயங்களில் விழுந்த வாக்கும் அந்த 3,000க்குள்தான் இருக்கிறது.

இப்படிப் பங்கிட்டதில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காத சபைகள் பல. அங்கே உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் தவிசாளரைத் தெரிவு செய்ய வேண்டும். ஓர் ஆசனம் உள்ளவரையும் தேடி வருவார்கள், தேர்தலுக்கு முன் நம்மைத் தேடி வந்ததைவிட வேகமாக!

பட்டியலில் யாரை அனுப்புவது என்பது கட்சியின் கையில். டவுன்காரரை அனுப்பிவிட்டு நம்மைக் கைதட்டச் சொல்லக் கூடாது. சபையில் நூற்றுக்கு 25 பெண்கள் என்பது சட்டம். கொழுந்து பறிக்கும் நம் சகோதரி ஒருவரின் பெயர் நியமனப் பத்திரத்தில் இருக்கிறது. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிட 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டது. லயத்துப் பாதையைப் பற்றி அங்கே எழுந்து கேட்க ஆள் வேண்டாமா?

தீர்மானத்தை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். வாசிக்கிறேன், சம்மதமானால் கையொப்பம் வையுங்கள்.