முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை



மூப்பு எய்தியவர்களிடம் அவர்களுடைய குறை யாதெனக் கேட்டால், கண் மங்குவதையும் முழங்கால் நோவதையும் அடுத்து, பெயர்கள் மறந்துபோவதையே பலரும் கூறுவர். முகத்தைக் கண்டவுடன் அடையாளம் தெரிகிறது. ஊரும் தொழிலும் நினைவுக்கு வருகின்றன. பெயர் மட்டும் நாவின் நுனியில் நின்றுவிடுகிறது. "புத்தி தளர்ந்துவிட்டது" என்று தம்மையே நொந்துகொண்டு, திருமணம் முதலிய விசேஷங்களுக்குச் செல்வதைத் தவிர்ப்போரும் உளர். அவர்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் இத்தீர்ப்பு சரியானதா என்று ஆராய்வோம்.

ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். "பொருத்துக" என்னும் வினாவிற்குத் தயங்காமல் விடை எழுதும் மாணாக்கன், "கோடிட்ட இடத்தை நிரப்புக" என்னும் வினாவில் தடுமாறுவான். பாடம் ஒன்றே, கேட்கும் முறைதான் வேறு. எதிரில் இருப்பதை இன்னதென அறிவது எளிது. எதிரில் இல்லாததை உள்ளத்திலிருந்து எடுத்துத் தருவது அரிது. முகம் எதிரே நிற்கிறது. பெயரோ உள்ளிருந்து வரவேண்டியிருக்கிறது.

இதனை அளந்து காட்டினார், அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து மனோதத்துவப் பேராசிரியர் ஹாரி பாரிக். உயர்நிலைப் பள்ளியில் தேறியவர்கள் 392 பேரை அவரும் அவருடைய துணைவர்களும் சோதித்து, 1975ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 17 வயதினரும் இருந்தனர். 74 வயதினரும் இருந்தனர். பள்ளியை விட்டு ஏறக்குறைய 35 ஆண்டுகள் கழிந்தவர்களும், பிறர் படங்களோடு கலந்து வைத்த பழைய வகுப்புத் தோழர்களின் படங்களை நூற்றுக்கு 90 அளவில் சரியாகத் தெரிந்தெடுத்தனர். ஆனால் படத்தைக் காட்டி, "இவர் பெயர் என்ன?" என்று கேட்டபோது மதிப்பெண் வெகுவாகத் தாழ்ந்தது. தோழர்கள் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. பெயருக்குச் செல்லும் வழிதான் தூர்ந்திருந்தது.

பெயருக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? ஒருவர் தச்சர் என்று கேட்டால், உளியும் இழைப்புளியும் மரத்தூளும் உடனே மனத்தில் தோன்றுகின்றன. ஒருவர் பெயர் செல்வம் என்று கேட்டால், அவரிடம் செல்வம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெயருக்கும் ஆளுக்கும் இயற்கையான தொடர்பு ஏதுமில்லை. ஆங்கிலத்தில் "பேக்கர்" என்பது குடும்பப் பெயராகவும் வழங்கும். ரொட்டி சுடுபவரையும் குறிக்கும். ஒரே சொல்லைத் தொழிலாகச் சொன்னபோது மக்கள் எளிதில் நினைவில் வைத்தனர். பெயராகச் சொன்னபோது மறந்தனர் என்று 1987ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் சிலர் நிறுவினர்.

பல கயிறுகளால் கட்டிய பொருள் ஒரு கயிறு அறுந்தாலும் விழாது. பெயர் ஒற்றைக் கயிற்றில் தொங்குவது. மூப்பில் அக்கயிறு நைந்துபோகிறது. டெபோரா பர்க் முதலிய அறிஞர்கள் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, சொல் நாநுனியில் நிற்கும் நிலை முதியோர்க்கு மிகுதி. அதிலும் ஆட்பெயர்களிலேயே மிகுதி. எனினும், அவ்வாறு நின்ற சொற்களுள் பெரும்பாலானவை பின்னர்த் தாமே வந்துவிடுகின்றன. புதிய முகத்தையும் புதிய பெயரையும் இணைத்துப் பதிக்கும் ஆற்றலும் வயது ஏறக் குறைகிறது. முன்பின் காணாத முகத்தை எங்கோ கண்டதாக எண்ணுவதும் சற்று மிகுகிறது. இவை நரையைப் போல் மூப்போடு வருவன.

ஆனால், வீட்டாரின் முகமே தெரியாமற்போதல், பழகிய தெருவில் வழி தவறுதல், அன்றாடப் பொருள்களின் பயனை மறத்தல் ஆகியவை இதனோடு சேர்ந்தவையல்ல. அவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இயல்பான மறதிக்கு நாம் செய்யக்கூடியது என்ன? பெயரைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காது மந்தமாயின் இன்னொரு முறை கேளுங்கள். காதில் விழாத பெயரை மறந்ததாக எண்ணி வருந்துவோர் பலர். கேட்ட பெயரை உடனே ஒரு முறையும், சில நிமிஷங்கள் கழித்து ஒரு முறையும், பின்னர் மேலும் நீண்ட இடைவெளி விட்டும் நினைவுகூருங்கள். இம்முறையின் பயனை லாண்டாவர், பியோர்க் என்னும் இருவர் 1978ஆம் ஆண்டிலேயே காட்டினர்.

இளைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பெரியவர்கள் எதிரில் நின்று "என்னைத் தெரிகிறதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "ஐயா, நான் இன்னார், இன்ன ஆண்டில் தங்களிடம் பயின்றேன்" என்று முதலிலேயே கூறிவிடுங்கள். உங்கள் பெயர் காதில் விழுந்த மறுகணமே, நீங்கள் அமர்ந்திருந்த பலகையும் உங்கள் கையெழுத்தும் உங்கள் தந்தையாரின் முகமும் அவர் நினைவில் எழக்கூடும். பெயரை மறந்தவர் உங்களை மறந்தவரல்லர்.