ஐஸ் ஏன் விழவில்லை?
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "பதினைந்து நிமிஷம் பேசு. எதிர்காலத் தொழில்நுட்பம் மாதிரி எல்லாம் வேண்டாம், வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது சொல்லு" என்றார். அதனால்தான் இந்தத் தலைப்பு. நான் எலெக்ட்ரிகல் படித்தவன். இப்போது இருப்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில். அங்கே ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஐஸ் மேக்கர் வைத்து வருவது சர்வசாதாரணம். குழாய்த் தண்ணீர் நேராக உள்ளே வந்து, தானாக உறைந்து, தானாகப் பெட்டியில் விழும். ஒருநாள் விழாது. உடனே "ஐஸ் மேக்கர் போச்சு, மாத்தணும்" என்று ஆரம்பிப்பார்கள். பல வீடுகளில் கோளாறு வேறெங்கோ இருக்கும். ஐஸ் மேக்கர் அதை முதலில் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது. பரவலாக இருக்கும் ஒரு பழைய வடிவத்தையே எடுத்துக்கொள்கிறேன். பிறை வடிவக் குழிகள் கொண்ட ஓர் உலோக அச்சு. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கீழே ஒரு சோலனாய்டு வால்வு. அது ஏறக்குறைய 7.5 விநாடி திறந்து சுமார் 140 மில்லி தண்ணீரை அச்சில் விடும். அச்சோடு ஒட்டி ஒரு சிறிய தெர்மோஸ்டாட் இருக்கிறது. அச்சின் வெப்பநிலை ஏறக்குறைய 17 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 8 செல்சியஸுக்கு இறங்கினால்தான் அது "ஐஸ் ரெடி" என்று ஒப்புக்கொள்ளும். உடனே அச்சின் அடியிலுள்ள ஹீட்டர் சூடாகும், மோட்டார் மெதுவாகச் சுற்றும், விரல் மாதிரி இருக்கும் கம்பிகள் ஐஸைத் தள்ளிவிடும். ஐஸ் இளகும் வரை மோட்டார் தள்ளிக்கொண்டே நிற்கும். நின்றாலும் எரியாது, அதற்கென்றே செய்த மோட்டார். சுற்று முடிகிற நேரத்தில் வால்வு மறுபடி திறக்கும்.

ஆகவே கழற்றுவதற்கு முன்னால் அச்சுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காலியாக இருந்தால் தண்ணீர்ப் பக்கம் கோளாறு. ஐஸ் உறைந்து கிடந்தும் விழவில்லை என்றால் தெர்மோஸ்டாட், ஹீட்டர், மோட்டார், அல்லது போதிய குளிர் இல்லை. கட்டி சின்னதாக வந்தால் தண்ணீர் குறைவாக வருகிறது. உள்ளே கூடாக வந்தால் முழுதாக உறையும் முன்பே தள்ளிவிடுகிறது.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று. பக்கத்தில் ஒரு வளைந்த கம்பி இருக்கும். பெட்டி நிரம்பினால் கம்பி மேலேயே நின்று ஐஸ் மேக்கரை நிறுத்திவிடும். நம்மவர்கள் வீட்டு ஃப்ரீஸரில் தேங்காய்த் துருவல் பாக்கெட், முருங்கைக்காய் பாக்கெட், பரோட்டா பாக்கெட் எல்லாம் எப்படி அடுக்கியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதில் ஒன்று கம்பியைத் தூக்கிப் பிடித்திருக்கும். மெக்கானிக் வந்து பாக்கெட்டை நகர்த்திவிட்டு, வந்ததற்கு மட்டும் சார்ஜ் வாங்கிக்கொண்டு போவார்!

தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் ஃபில்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், யார் மாற்றுகிறோம்? கதவில் தண்ணீர் பிடிக்கும் வசதி இருந்தால் அதிலும் நூல் மாதிரி வருகிறதா பாருங்கள். அடுத்தது, அச்சுக்குத் தண்ணீர் வரும் குழாய் முனை உறைந்து அடைத்துக்கொள்வது. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி இளக்கலாம், கத்தியால் குத்தக் கூடாது. ஆனால் ஏன் உறைந்தது என்று கேட்க வேண்டும். இந்த வால்வு சரியாக மூடுவதற்குத் தண்ணீரின் அழுத்தமே உதவுகிறது. அழுத்தம் குறைந்தால் வால்வு முழுதாக மூடாமல் சொட்டும், அந்தச் சொட்டு குழாயிலேயே உறையும். சமையலறையில் ஆர்.ஓ. ஃபில்டர் போட்டு அதிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு லைன் கொடுத்த வீடுகளில் இதைப் பார்க்கலாம். இளக்கினால் சில நாள் ஓடும், மறுபடி நிற்கும். அழுத்தத்தையும் வால்வையும் கவனிக்காமல் தீராது.

ஐஸ் இருந்தும் விழவில்லை என்ற கோளாறில்தான் எங்கள் வீட்டுக் கதை வருகிறது. அம்மா ஆறு மாதம் தங்க வந்திருந்தார். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர். கொண்டு வந்த மருந்து முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தது. ஒரு வாரமாக ஐஸ் விழவில்லை. ஒரு சர்வீஸ்காரர் வந்தார், பத்து நிமிஷம் பார்த்தார், ஐஸ் மேக்கரையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா, "என்னடா இது, தயிர் ரெண்டாம் நாளே புளிச்சுப் போகுது?" என்றார்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஒரு தெர்மாமீட்டரை ஃப்ரீஸரில் பாக்கெட்டுகளுக்கு நடுவிலும், இன்னொன்றைக் கீழே தண்ணீர் டம்ளரிலும் போட்டு வைத்தேன். காலையில் ஃப்ரீஸர் 19 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது, இருக்க வேண்டியது 0, அதாவது மைனஸ் 18 செல்சியஸ். கீழே 44, அதாவது 7 செல்சியஸுக்குக் கொஞ்சம் குறைவு. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒரு டிகிரிதான் மிச்சம்! வெளியே இருந்தால் உடனே கெட்டுவிடாது, ஆனால் பெரும்பாலான வகைகள் சுமார் நான்கு வாரம்தான் தாங்கும். அம்மாவிடம் இருந்ததோ பல மாதத்து மருந்து. அன்று காலையே மருந்தை ஒரு நண்பர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினோம்.

அச்சு 17-க்கு இறங்கினால்தானே தெர்மோஸ்டாட் சம்மதிக்கும்? சுற்றியுள்ள காற்றே 19-இல் இருந்தால் எப்படி இறங்கும்? ஐஸ் மேக்கர் பேரில் குற்றமே இல்லை. அந்த மாதிரி ஃப்ரிட்ஜில் கீழ்ப்பகுதிக்கும் ஃப்ரீஸரிலிருந்துதான் குளிர் காற்று வருகிறது. ஃப்ரீஸர் சூடேறினால் கீழேயும் ஏறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடியிலுள்ள தகட்டைக் கழற்றினேன். கண்டென்ஸர் காயில் கம்பளி போர்த்தியது போல் தூசி. அதற்குக் காற்று வீசும் சின்ன ஃபேன் நூலும் முடியும் சுற்றித் திரும்பவே முடியாமல் இருந்தது. நீண்ட பிரஷ், வாக்குவம் கிளீனர், ஒரு மணி நேரம். சுத்தம் செய்தால் உடனே குளிர்ந்துவிடாது, ஒரு நாள் பொறுக்க வேண்டும். மறுநாள் 0 காட்டியது. மாலையில் 'தடதட'வென்று ஐஸ் விழுந்த சத்தம் கேட்டு அம்மா, "யாருடா அது?" என்று எட்டிப் பார்த்தார். புதிய ஐஸ் மேக்கர் போட்டிருந்தால் அதுவும் விழுந்திருக்காது, மருந்தும் அங்கேயே இருந்திருக்கும்.

குளிரும் சரியாக இருந்து, அப்படியும் விழவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். அங்கே 120 வோல்ட். ஹீட்டர் 185 வாட் என்று வைத்துக்கொண்டால் நம் லேபில் போட்ட கணக்குப்படி மின்தடை சுமார் 78 ஓம். அதை ஒட்டிக் காட்டினால் ஹீட்டர் நலம், ஒன்றுமே காட்டவில்லை என்றால் அறுந்துவிட்டது. மின்சாரம் ஓடும்போதே வயர் போட்டுச் சோதிக்கும் முறையும் இருக்கிறது. தண்ணீர், உலோகம், மின்சாரம் மூன்றும் ஒன்றாக இருக்கிற இடத்தில் அதை வீட்டில் செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கராஜில் பழைய ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் கராஜே ஃப்ரிட்ஜ் அளவு குளிர்ந்துவிடும். கீழ்ப்பகுதி தெர்மோஸ்டாட் "போதும்" என்று கம்ப்ரஸரை ஓடவிடாது. மேலே ஃப்ரீஸர் இளகும், ஐஸும் நிற்கும். வெளியே பனி கொட்டும்போது உள்ளே ஐஸ் இல்லை!

வெளிநாட்டிலிருந்து இந்தக் கூட்டத்துக்கு மூன்று நான்கு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருப்பவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். ஃப்ரிட்ஜுக்குப் போகும் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, அந்தக் கம்பியையும் தூக்கிவிட்டு வந்தீர்களா? அந்த மெல்லிய குழாய் ஒழுகினால் மரத்தரை மொத்தமும் ஊறிவிடும். மூடவில்லை என்றால், சாவி கொடுத்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்று ராத்திரியே ஒரு போன் போட்டுவிடுங்கள். அவர்களுக்கு அப்போது காலை நேரம்தான்.